கோலத்தில் எழுதிய கொரியப் பெயர்

ஹான் சார் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் எங்கள் கோலத்தை அழித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பச்சைப் பெயின்ட் அடித்த தொழிற்சாலைத் தரையெல்லாம் சிவப்புப் பொடி இழுபட்டு, அவருடைய வெள்ளைச் சட்டைக் கைவரை ஏறியிருந்தது.

பக்கத்தில் லிம் சார் நின்றார். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். ஹான் சார் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் இன்ஜினியர். லிம் சார் கோலத்தைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். நாங்களோ ஆயுத பூஜைக்கு எடுத்த புதுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

அழிந்துகொண்டிருந்தது லிம் சாருடைய அம்மாவின் பெயர். அதை எழுதியவள் நான்.

எதற்கு அழிக்கிறார் என்று அந்த நிமிடம் எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புரிந்தது. புரிந்தபின் அந்தச் சேலையை நான் இன்றுவரை எடுத்து உடுத்தவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் அந்த உத்தரவாதம் தர முடியாது.

தகவல் அக்கா

எங்கள் கம்பெனி ஒரகடம் பக்கம் இருக்கிறது. காருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டித் தருகிற வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து இந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு மீசை முளைக்காத வயது என்று ஆணாக இருந்தால் சொல்லலாம். பெண் என்பதால், காதில் கவரிங் தோடு போட்ட வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

ஷிப்ட் தொடங்கும் முன் லைனில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். பாதுகாப்பு உறுதிமொழி, கையைக் காலை ஆட்டும் உடற்பயிற்சி, நேற்று எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்ற திட்டு. இந்த மீட்டிங் முடிவதற்குள் பாதிப் பேர் நின்றபடியே தூங்கிவிடுவார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "மேடம், ஏதாவது சுவாரசியமா பேசுங்க, எல்லாம் சாமியாடுது" என்றார்.

ஆக்டோபசுக்கு மூன்று இதயம், ரத்தம் நீல நிறம் என்று சொன்னேன். தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். அன்று பிடித்த பேய்தான், அதன்பிறகு தினம் ஒரு தகவல் சொல்லாவிட்டால் எனக்கே டீ இறங்காது.

வெள்ளிக் கிரகத்தில் ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளம். தாவரவியல் கணக்கில் வாழைப்பழம் பெர்ரி வகை, ஸ்ட்ராபெர்ரி அந்த வகை கிடையாது. ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவது சுண்ணாம்பு பட்டு மஞ்சள் நிறம் மாறுவதால்தான். அதிலேயே எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு ஓடிப்போய்த் திரும்பவும் மஞ்சளாகிவிடும். இதை ஒரு டம்ளரில் செய்தே காட்டினேன். சூப்பர்வைசர் தன் பங்குக்கு இரண்டு முறை பிழிந்து பார்த்தார்.

நான் சொன்னதிலேயே பெரிய வரவேற்பு கிடைத்தது எங்கள் காலுக்குக் கீழே இருக்கும் சங்கதிக்குத்தான். இந்த வட்டாரத்தில் மண்ணுக்கடியில் கிடக்கும் ஒரு பாறை அடுக்குக்குப் புவியியல்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் டைனோசர் காலத்துச் செடிகளின் இலைகள் நரம்போடு பதிந்து கிடக்கின்றன. கூடவே கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. அதாவது ஒரு காலத்தில் கடல் இங்கே வந்து போயிருக்கிறது.

பிள்ளைப்பாக்கத்து ராணி உடனே சொன்னாள். "இன்னாக்கா சொல்ற? எங்க வூட்டாண்ட கடலா இருந்துச்சு? அதான் போர் தண்ணி இப்டி கரிக்குது!"

ராணிக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும். லைனில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. தகவல் அக்கா என்ற பெயரை எனக்கு வைத்தவளும் அவள்தான்.

நாலு ஆகாது

கம்பெனி கொரியாக்காரர்களுடையது என்பதால் கொரியாவைப் பற்றியும் தேடித் தேடிப் படித்தேன். அங்கே குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது என்று வைத்து, புது வருஷம் பிறந்தால் ஊருக்கே ஒரு வயது ஏற்றுகிற வழக்கம் வெகுகாலம் இருந்தது என்று சொன்னபோது, கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் அலறின.

நாலு என்ற எண் அவர்களுக்கு ஆகாது. சாவைக் குறிக்கும் சொல்லும் நாலும் ஒரே ஓசை. சில கட்டடங்களில் லிப்டில் நாலாம் எண் பொத்தானே இருக்காதாம்.

எனக்கு அதிகம் பிடித்தது அவர்கள் எழுத்து. ஐந்தாறு நூற்றாண்டுக்கு முன் ஒரு ராஜா, சாதாரண ஜனங்களும் படிக்க வேண்டும் என்று புதிதாக எழுத்து உண்டாக்கினார். எந்த ஓசைக்கு நாக்கும் பல்லும் தொண்டையும் எப்படி நிற்கின்றனவோ, அதே வடிவத்தில் எழுத்தை வரைந்துவிட்டார். எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று நம் இலக்கணக்காரர்களும் அக்கக்காகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ராஜா அதைப் படமாகவே போட்டுவிட்டார். அங்கிருந்த பெரிய படிப்பாளிகள், இது பொம்பளைகள் எழுத்து என்று ஒதுக்கி வைத்தார்களாம். அதைப் படித்த அன்றே செல்போனை வைத்துக்கொண்டு கற்க ஆரம்பித்துவிட்டேன்.

இவ்வளவும் தெரிந்து வைத்திருந்தேன். இதைச் சொல்லும்போதே கூசுகிறது.

போனில் வந்த அம்மா

லிம் சார் அதிகம் பேசமாட்டார். தரையில் ஒரு கிளிப் கிடந்தால் யாரையும் கூப்பிடாமல் தானே குனிந்து எடுப்பார். டீ நேரத்தில் கேன்டீன் பின்பக்கம் நின்று அம்மாவோடு வீடியோவில் பேசுவார். அம்மாவுக்குச் சுருள்சுருளாகக் கட்டைமுடி, சிரித்தால் கண் காணாமல் போய்விடும்.

கை கழுவப் போகும் நாங்கள் பின்னால் நின்று கையாட்டுவோம். அந்தம்மாவும் ஆட்டும். ஒருமுறை ராணி போனுக்குள் தலையை விட்டு, "சாப்டியாம்மா?" என்று கேட்டாள். அந்தம்மா என்னவோ நீளமாகப் பதில் சொன்னது. இவளும் விடாமல் "ஆமா ஆமா, இங்கயும் அப்டித்தான் கீது" என்றாள். லிம் சார் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

புரட்டாசி நடுவில் அந்த வீடியோ நின்றுபோனது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பெரிய ஆபரேஷன், புது மாடல் லைன் ஓடத் தொடங்கியதால் சார் உடனே கிளம்ப முடியவில்லை, பூஜை முடிந்துதான் டிக்கெட் என்று கார் டிரைவர் வந்து சொன்னார்.

மனசு கேட்கவில்லை. ராணி, நான், இன்னும் நாலைந்து பேர் ஷிப்ட் முடிந்து பிள்ளைப்பாக்கம் அம்மன் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு போய் நின்றோம். அம்மாவின் பெயரை டிரைவர்தான் கேட்டு வந்து சொல்லியிருந்தார்.

"பேரு?" என்றார் பூசாரி.

"சுன்ஜா."

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. கொரியா."

பூசாரி எங்களை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். "சரி, அம்மன் நட்சத்திரத்துக்கே பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு, மந்திரத்துக்கு நடுவில் சுன்ஜாவை அழுத்தம் திருத்தமாகச் சேர்த்துக்கொண்டார். கர்ப்பக்கிரகத்துக்குள் அந்தப் பெயர் கேட்டபோது ராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிவப்பு வைத்தோம்

ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், லைன் வாசலில் வாழைமரம், பொரி, சுண்டல். கேட்டில் உடைக்கத் திருஷ்டிப் பூசணிக்காய் நாலு வாங்கி வைத்திருந்தார்கள். நான் சண்டை போட்டு ஐந்தாக்கினேன். குத்துவிளக்கு நாலு இருந்தது, ஒன்றை எடுக்கவைத்து மூன்றாக்கினேன். என் அறிவைக் கண்டு எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள்.

லைன் வாசலில் பெரிய கோலம். நடுவில் அந்தம்மாவின் பெயரை அவர்கள் எழுத்திலேயே எழுதுவது என்று முடிவு செய்திருந்தோம். முதலில் ஒரு கூடாரம், அது பல்லின் வடிவம். கீழே நாக்கு நுனி மேலே மடிகிற வடிவம். மாவு சிந்தாமல் இழுத்து முடித்து நிமிர்ந்தேன்.

ராணி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "இன்னாக்கா, வெறும் வெள்ளையா வுட்டுட்ட? ஆஸ்பத்திரில கீற மனுசி பேரு. செவப்பு வை. அப்பதான் நல்லது."

நியாயம்தான். வீட்டில் நல்ல காரியம் என்றால் வெள்ளைக் கோலத்தைச் சுற்றிச் செம்மண் இழுக்காமல் விடுவோமா? எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று என்னையே திட்டிக்கொண்டேன். சிவப்புப் பொடியை அள்ளி எழுத்துக்குள் நிரப்பினோம். அம்மன் கோயில் குங்குமத்தை அதற்குமேல் தூவினோம். சாவு கிட்டே வரக்கூடாது என்றுதான் தூவினோம்.

எங்கள் பேச்சை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை எங்களுக்கும் மொழிபெயர்த்துச் சொல்கிற நிவேதா அன்று லீவு. பூஜைக்காகத் தண்டலத்தில் வீட்டில் இருந்தாள். அவளுக்கு முன்கூட்டியே சொல்லவும் இல்லை. வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று நினைத்தோம்.

லிம் சார் வந்தார். கைதட்டினோம். அவர் பெயரைப் படித்தார், நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நான் பூரித்துப் போனேன். பின்னாலேயே வந்த ஹான் சார் "நோ, நோ, நோ" என்று ஓடிவந்து தரையில் விழுந்தார். லிம் சார் அவர் தோளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அதற்குள் பாதிப் பெயர் போய்விட்டது.

நிவேதாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா... அங்க உயிரோட இருக்கறவங்க பேரைச் சிவப்புல எழுதவே மாட்டாங்க. செத்தவங்களுக்குத்தான் அப்படி. உயிரோட இருக்கறவங்களுக்கு எழுதினா, அவங்க சாகணும்னு நெனைக்கற மாதிரி."

"நான் எங்கயும் அதப் படிக்கலியே..."

"சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்க்கா."

ராஜா எந்த எழுத்தை எந்தப் பல்லைப் பார்த்து வரைந்தார் என்று எனக்குத் தெரியும். பேனாவைப் பிடிக்கத் தொடங்குகிற குழந்தைக்கு அங்கே சொல்லித் தருகிற இந்த ஒன்று தெரியாது. ஒரு மனுஷன் தாயை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு இங்கே தவித்துக்கொண்டிருக்கிறான். அவன் காலடியில் உன் தாய் செத்துப்போகட்டும் என்று ஆளுயரத்துக்கு எழுதி, சுற்றி நின்று கைதட்டியிருக்கிறோம்.

ஓடிப்போய் "சாரி சார், சாரி சார்" என்றேன். அதற்குமேல் எந்த மொழியிலும் எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் குனிந்து வணங்கி, "குட், குட். நோ பிராப்ளம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மொட்டையும் இல்லை, தாடியும் இல்லை

அந்த வாரமே அவர் கிளம்பிப் போனார். அவர் இல்லாத நாட்களில் லைனில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பல்லி விழுந்தால் பலன் பார்க்கிறவர்களை மீட்டிங்கில் கிண்டல் செய்தவள் நான். அதே நான், தரையில் எழுதிய பெயர் ஓர் உயிரை எடுக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன். தூக்கம் வந்தால்தானே.

"யக்கா, அந்தம்மாவுக்கு எதுனா ஆயிருந்தா நம்ம மேலதான் பாவம்" என்றாள் ராணி.

"ச்சீ, வாய மூடுட்டி" என்றேன். அவள் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையோடு அவர் திரும்பி வந்தார். நம் ஊர் என்றால் மகன் தலையைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிடும். இவருக்கு மொட்டையும் இல்லை, தாடியும் இல்லை. போனது போலவே வந்து நின்றார். ஆளுக்கொரு பொட்டலம் கடற்பாசி கொடுத்தார், அப்பளம்போல மொறுமொறுவென்று இருக்கும்.

"துக்கம்னா பொட்டலம் குடுப்பாரா? நல்லாத்தான் கீறாங்க" என்றாள் ராணி.

"காரியம் முடிஞ்சு கொடுக்கறதா இருந்தா?" என்றாள் இன்னொருத்தி. அவ்வளவுதான். பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

கேன்டீன் பின்பக்கம் நின்று பேசுவதையும் அவர் விட்டுவிட்டார். அறைக்குள் இருந்து பேசுகிறாரா, பேசுவதற்கு ஆளே இல்லையா, தெரியவில்லை. ஆக்டோபசின் இதயத்தை எண்ணிச் சொன்ன என் செல்போனில் இதற்கு மட்டும் பதில் கிடையாது. கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஒருமுறை நிவேதாவிடம், "நீ கேட்டுச் சொல்லேன்" என்று ஆரம்பித்து, அவள் பதில் சொல்வதற்குள் "வேண்டாம், விட்டுரு" என்று வந்துவிட்டேன். அம்மா இறந்துவிட்டார் என்று பதில் வந்தால் அதற்குப்பிறகு அந்த லைனில் எப்படி நிற்பது என்ற பயம்.

லிம் சார் சில நாட்கள் என் மேசைப் பக்கம் வந்து நிற்பார். ஏதோ கேட்கப் போகிறவர்போல ஒரு கணம் நின்று, "ஓகே" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் வருவது தெரிந்ததும் நான் வயருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். அந்தப் பக்கம் ராணியும் அதையே செய்வாள். மீட்டிங்கில் நாடுகளைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டேன். விலங்குகளோடு சரி. அவற்றுக்குத் தாயாரைப் பற்றி வருத்தம் வந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

தீபாவளி போனது, பொங்கல் போனது. பங்குனியில் லிம் சார் சில நாள் ஊருக்குப் போய் வந்தார், கம்பெனி வேலை என்றார்கள். நாங்கள் கேட்கவில்லை.

வழியனுப்பு

சித்திரையில் இங்கே அவருடைய பணிக்காலம் முடிந்து ஊருக்குத் திரும்பினார். கேன்டீனில் கேக் வெட்டினோம், சால்வை போட்டோம். நான் கடைசி வரிசையில் நின்றேன். சாப்பாடு முடிந்து அவர் காரில் ஏறுவதற்காக எல்லோரும் வாசலுக்கு வந்தபோது, நிவேதா என்னைத் தனியாக இழுத்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சார் காலைல என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல."

"என்ன கேட்டாரு?"

"அன்னிக்கு ஹான் சார் கோலத்தை அழிச்சுட்டாரே, அதுல உங்களுக்கெல்லாம் இன்னும் கோவமான்னு கேட்டாரு. அவ்வளவு ஆசையா போட்டதை உங்க கண்ணு முன்னாடியே அழிச்சுட்டாங்க, அதான் அதுக்கப்புறம் ஒருத்தர்கூட அம்மாவைப் பத்திப் பேசறதில்லையோன்னு. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு பல தடவை வந்தாராம். நீங்க நிமிர்ந்தே பாக்கலையாம்."

"கோவமா? எங்களுக்கா?" என்றேன். "நாங்கள்லா அவரு மூஞ்சில முழிக்க முடியாமக் கெடந்தோம்!"

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்குப் போனேன். ராணியும் பின்னாலேயே ஓடி வந்தாள். வெயிலில் தார் ரோடு கொதித்தது. லிம் சார் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அம்மா எப்படி இருக்காங்கன்னு கேளு" என்றேன்.

நிவேதா கேட்டாள். அவர் மெதுவாக, விட்டு விட்டுப் பேசினார். அவள் துண்டு துண்டாகச் சொன்னாள்.

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதாம். வீட்டுக்கு வந்து நடக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். கோலத்தைப் பத்தி சொன்னதும் ரொம்ப சிரிச்சாங்களாம். இந்த வயசுல சிவப்புல எழுதினா என்ன, அங்க என் பேரு தெரிஞ்சிருக்கேன்னு சொன்னாங்களாம்."

ராணி அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தியாக்கா, நல்லாத்தான் கீறாங்க!"

நிவேதா ராணியைப் பார்க்கவில்லை. "போன மாசம் தவறிட்டாங்களாம். தூக்கத்துலயே."

வாசலில் மற்றவர்கள் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். லிம் சார் காரின் கதவை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, என்னைப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு நன்றாகத் தலை குனிந்தார்.

"என்ன சொல்லுதாரு?"

நிவேதா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும், அந்தப் பொண்ணுங்க என்னைப் பத்தி விசாரிச்சாங்களான்னு அம்மா கேப்பாங்களாம். 'விசாரிச்சாங்கம்மா, தினமும் விசாரிக்கறாங்க'ன்னு உங்க பேரெல்லாம் சொல்லிப் பொய் சொல்லிட்டாராம். கடைசி வரைக்கும். உங்களைக் கேக்காம உங்க பேரைச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கணுமாம் அக்கா."